காமுத்தாயின் கீழ்ப்பங்கு

தீர்ப்பு வந்த செய்தி காமுத்தாய்க்குக் கிடைப்பதற்கு முன்பே நிலத்துக்குக் கிடைத்துவிட்டது. மேல்முறையீடு தள்ளுபடியாகி, இனிமேல் போய் முறையிட வேறு கோர்ட்டே இல்லை என்று ஆன அந்த வாரத்தில், செங்கட்டாம்பட்டியில் அவளுடைய அண்ணன்கள் இருவரும் வழக்கம்போல அவள் பங்கையும் சேர்த்துச் சின்ன வெங்காயம் ஊன்ற, அவள் பங்கில் ஊன்றிய வெங்காயம் மட்டும் அங்கே முளைக்காமல், பஸ் ஏறி வரவேண்டிய தூரத்திலிருக்கும் வத்தலக்குண்டில், நாங்கள் குடியிருக்கும் ராவுத்தர் லைன் வீட்டு முற்றத்தில், சிமெண்டுத் தளத்தைக் கீறிக்கொண்டு, பாத்தி பாத்தியாக, வரிசை பிசகாமல் முளைத்து நின்றது.

முதலில் பார்த்தவர்கள் குழாயடிக்குக் குடத்தோடு வந்த பெண்கள். அவர்கள் யாரும் கூச்சல் போடவில்லை. தண்ணி வரும் நேரத்தில் கூச்சல் போட்டு நாலு பேரைக் கூட்டினால் குடத்துக்குப் பிடித்து வைத்த இடம் போய்விடும். காமுத்தாய் வெளியே வந்தாள், குனிந்து ஒரு விரலால் மண்ணைத் தோண்டி எடுத்தாள், முகர்ந்தாள். "எங்க கீழ்ப்பங்கு மண்ணுதான். வாய்க்கா வாசம் அடிக்குது" என்றாள். அப்புறம் கொடியில் கிடந்த ஈரச் சேலை வெங்காயத் தாளில் படாதபடி கொஞ்சம் தூக்கிக் கட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் கதை எங்கள் லைனில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்பா உயில் எழுதாமல் செத்துப்போனார். கருமாதி முடிந்த கையோடு பெரியண்ணன் மொக்கராசும் சின்னண்ணன் சுருளிராசும் ஒரு தட்டில் பட்டுச்சேலையையும் அதன் அடியில், சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிய விடுதலைப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு வந்தார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சேலையை எடுத்துக்கொள்வதுதான் அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வது. காமுத்தாய் இரண்டையும் தொடவில்லை. அன்றைக்கு அவளை வரப்பை விட்டு இறங்கச் சொன்னவர்கள், அதற்குப் பிறகு அந்த நிலத்தில் அவள் கால் படவே விடவில்லை. கேஸ் நடந்தது, நடந்தது, அவள் தலை நரைக்கிறவரை நடந்தது. கடைசியில் கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து நிலத்தை மூன்றாக அளந்து, வாய்க்காலை ஒட்டிய கீழ்ப்பங்கு அவளுக்கென்று பிரித்து, தலையில் கூட்டல் குறி கொத்திய கருங்கல் ஒன்றை எல்லையில் ஆழமாக நட்டுவிட்டுப் போனார். அவருடைய ஜீப் ஊரைத் தாண்டுவதற்குள் அண்ணன்கள் அந்தக் கல்லைப் பிடுங்கி மாட்டுக் கொட்டத்தில் போட்டுவிட்டார்கள். குழி மட்டும் மிஞ்சியது.

இப்போது அந்த நிலம், மனிதர்கள் கீழ்ப்படியாத தீர்ப்புக்குத் தானாகக் கீழ்ப்படிந்துவிட்டது. அண்ணன்கள் சோளம் விதைத்தால் எங்கள் முற்றத்தில் சோளம் வந்தது, கத்தரி நட்டால் கத்தரி வந்தது, அவர்கள் மோட்டாரைப் போட்டுக் கீழ்ப்பங்குக்குத் தண்ணி பாய்ச்சினால் அங்கே வாய் பிளந்து கிடந்த மண் ஒரு சொட்டு நனையாமல் இங்கே எங்கள் குழாய் நகராட்சியைக் கேட்காமலே மடமடவென்று கொட்டியது, ஆத்திரத்தில் அவர்கள் வண்டி வண்டியாக எருக்குப்பை அடித்தபோது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ராவுத்தரய்யா தொழுகைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் வாசல் மறைய மாட்டுச் சாணம் மலையாக நின்றது. அவர் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாணத்தைச் சுற்றி வந்து காமுத்தாய் வீட்டின் முன்னால் நின்றார்.

"ஏம்மா, வாடகைக்கு விட்டது வீடு. நான் தோட்டம் விடலயே?"

"நானா போட்டேன் ராவுத்தரய்யா? எங்க அண்ணங்க போட்டது."

"அவுங்க எங்க இருக்காங்க?"

"செங்கட்டாம்பட்டியில."

அவர் யோசித்தார். செங்கட்டாம்பட்டிக்காரன் மீது வத்தலக்குண்டுச் சாணத்துக்காக எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பது? "சரி, அந்தக் கத்தரிக்காயி நாலு குடு. பிரியாணிக்குத் தொட்டுக்கத் தாளிச்சா வைக்க ஆகும்" என்று வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் சிமெண்டுத் தளத்தைப் பற்றிப் பேசவில்லை.

நாங்களும் பழகிக்கொண்டோம். மனுசன் எதற்குத்தான் பழக மாட்டான்? மோட்டார் சைக்கிள்களைத் தெருவில் நிறுத்தினோம். கரண்டு கணக்கெடுக்க வருகிறவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பின் மேலேயே நடந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். யார் எந்தப் பாத்தியில் களை பிடுங்குவது, யார் எந்தக் கிழமை காய் பறிப்பது என்று குழாயடியில் சண்டை போட்டு ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டோம், அந்த முறையை மீறியதற்காக அதே குழாயடியில் மறுபடியும் சண்டை போட்டோம். காமுத்தாய் யாரிடமும் எதற்கும் காசு வாங்கவில்லை. விதைக்காமல் வந்தது, விலை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அந்தக் கேஸ் அப்படியே நின்றுபோனால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

கோர்ட் அமீனா குருபாதம் முதல் முறை செங்கட்டாம்பட்டிக்குப் போனதும் அந்த நாட்களில்தான். கோர்ட் பறித்துக் கொடுக்கும் நிலத்தை உரியவர் கையில் ஒப்படைத்துவிட்டு வருவது அவர் வேலை. பார்க்க ஒல்லி, பேச்சும் மெது, ஆனால் வாரண்டை எடுத்துப் பிரித்துவிட்டால் குரல் மட்டும் வேறு யாருடையதோ போல ஆகிவிடும். அவர் போனபோது கீழ்ப்பங்கு முழுக்க மாடு கட்டியிருந்தது, மாட்டுக்கு முன்னால் அண்ணிகள் இரண்டு பேரும் படுத்துக் கிடந்தார்கள், நிலம் கைமாறுவதைச் சட்டப்படி தமுக்கடித்துச் சொல்லவேண்டும் என்றால் அண்ணன்களுக்குப் பயந்து ஊரில் ஒரு மேளக்காரனும் வரவில்லை. காமுத்தாய் ரோட்டு மேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அமீனா திரும்பி வந்து, "இன்னிக்கு ஆகலைம்மா. ஆனா வாரண்டு செத்துப் போகல" என்றார்.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றின் போது அவள் கணவர் தெய்வேந்திரன், பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவர், யாரோடும் சண்டைக்குப் போகாத மனுசர், எங்கள் எல்லோருடைய மனதிலும் இருந்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"ஏ காமு, வெள்ளாமை வீட்டுக்கே வருது, உழவு கூலி இல்ல, தண்ணி செலவு இல்ல. அப்பறம் என்னத்துக்கு இந்தக் கோர்ட்டு வாசலு?"

அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். ஒரே சுவர்தான், எங்களுக்கெல்லாம் கேட்டது.

"இந்தாங்க, எங்க அப்பா கருமாதி முடிஞ்சன்னைக்கு என்னய வரப்ப விட்டு எறங்குடின்னு சொன்னாக. நான் அந்த மண்ணுல கால வச்சு நிக்கணும். நின்னு, யாரும் எறங்குன்னு சொல்லாம இருக்கணும். கத்தரிக்காயிக்கா நான் கேஸு போட்டேன்?"

தெய்வேந்திரன் குழம்பை ஊற்றிக்கொண்டார். கத்தரிக்காய்க் குழம்பு. நாங்களும் எங்கள் வீடுகளில் அதையேதான் தின்றுகொண்டிருந்தோம், அன்றைக்கு அது சரியாக இறங்கவில்லை.

ஆனால் அந்தக் கத்தரிக்காய் அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வந்தது. அண்ணன்களின் வக்கீல் கெட்டிக்காரர். கீழ்ப்பங்கின் விளைச்சல் முழுவதும் மனுதாரர் காமுத்தாய் வீட்டுக்கே போய்ச் சேருகிறது, நிலத்தை அனுபவித்து வருபவர் அவரே, ஆகவே தீர்ப்பு ஏற்கெனவே நிறைவேறிவிட்டது, ஒப்படைக்க இனி ஒன்றும் இல்லை என்று ஒரு மனுப் போட்டார். மனு ஏற்கப்பட்டால் கேஸ் கட்டை மூடிவிடுவார்கள், அதற்குமேல் காமுத்தாய் காலம் முழுக்கச் சிமெண்டில் அறுவடை செய்துகொண்டு கிடக்க வேண்டியதுதான். அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. லைன் வீடே திரண்டு கோர்ட்டுக்குப் போய்ப் பின்னால் நின்றோம். நீதிபதி அம்மா எங்கள் முற்றத்தின் போட்டோவைப் பார்த்தார், ஆச்சரியப்படவில்லை. குடும்பச் சொத்துக் கேஸ் பார்க்கிறவர்கள் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை.

"நிலம் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

"செங்கட்டாம்பட்டியில, அம்மா" என்றார் வக்கீல்.

"மனுதாரரால அங்கே போய் நிக்க முடியுதா?"

வக்கீல் கோப்பைப் புரட்டினார்.

"நிலம் தன் கடமையைச் செஞ்சிருக்கு. நீங்க இன்னும் செய்யல. மனு தள்ளுபடி" என்று சொல்லிவிட்டு நீதிபதி அம்மா, போலீஸ் காவலோடு நிலத்தை ஒப்படைக்கும்படி அமீனாவுக்கு உத்தரவு போட்டார். நாங்கள் வெளியே வந்து கைதட்டினோம், கோர்ட் டவாலி வந்து அதட்டினார்.

போலீஸ் வரும் என்று தெரிந்ததும் அண்ணன்கள், நம் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கடைசி வேலையைச் செய்தார்கள். சாமி வைத்தார்கள். மாடு நின்றால் அவிழ்க்கலாம், ஆள் படுத்தால் தூக்கலாம், மஞ்சளும் குங்குமமும் பூசிய ஒரு கல் நின்றால் எந்தப் போலீஸ்காரன் கை வைப்பான்? மொக்கராசின் கனவில் வந்து கேட்டதாக வாய்க்கால்கரைக் கருப்பு என்று ஒரு காவல் சாமியை உண்டாக்கி, ஊரைக் கூட்டி, பூசாரி சின்னக்காமனைப் பிடித்து, கீழ்ப்பங்கின் நடுவில் கல் நட்டு, அடுத்த வெள்ளி பொங்கல் என்று மைக் செட்டில் அறிவித்துவிட்டார்கள். ஊருக்கு அது எதற்கு என்று தெரியும். ஆனாலும் சாமி என்று சொன்ன பிறகு ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிட்ட பிறகு அது பொய்ச்சாமி என்று யாருக்கும் நினைக்கத் தோன்றவில்லை.

அந்த நிலத்தில் நட்டது எதுவும் அங்கே தங்குவதில்லை என்பதை அண்ணன்கள் அந்த ஆத்திரத்தில் மறந்தே போனார்கள். மறுநாள் காலையில் கருப்பு எங்கள் குழாயடியில் நின்றது.

குடம் வைத்திருந்த பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா சூடம் கொளுத்தினாள். ராவுத்தரய்யா வந்து பார்த்து, "வெயில்ல நிக்கிதே" என்று தன் செலவில் மேலே ஒரு தகரம் போட்டுக் கொடுத்தார். குழாய்த் தண்ணி தெறித்துத் தெறித்துக் கல்லின் மேல் பூசிய மஞ்சள் கரைந்து ஓட, காமுத்தாய் மிச்சத்தையும் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்று கையால் தேய்த்தபோது, தலையில் கொத்தியிருந்த கூட்டல் குறி வெளியே வந்தது.

கமிஷனர் நட்ட எல்லைக்கல். மாட்டுக் கொட்டத்தில் கிடந்த அதைத்தான், புதுக்கல் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்க, அண்ணன்கள் சாமியாக்கியிருந்தார்கள். காமுத்தாய் அந்தக் குறியின் மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அப்புறம் சேலைத் தலைப்பால் கல்லைத் துடைத்துவிட்டு, குறி மறையும்படி கெட்டியாக மஞ்சளை அப்பினாள்.

"யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றாள். நாங்கள் திறக்கவில்லை. எங்கள் லைனில் ஒரு விஷயம் வெளியே போகாமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

செங்கட்டாம்பட்டியில் நிலைமை வேறு. பொங்கலுக்குப் பந்தல் போட்டாயிற்று, மேளத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, சாமியைக் காணோம். ஊர் மொக்கராசைச் சுற்றி நின்றுகொண்டு, கூப்பிட்டு வைத்த சாமியைப் பொங்கல் வைக்காமல் விரட்டிவிட்டாயே, மழை போனால் யார் பொறுப்பு என்று கேட்டது. பூசாரி சின்னக்காமன் கண்ணை மூடித் திருநீறைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத ஆள், கேட்டதற்கு வழக்கத்தைச் சொன்னார்.

"எந்தச் சாமிக்கும் மொதப் பொங்கப்பானை அந்த வீட்டுல பொறந்த பொண்ணு பானைதான. அவ வராம நீங்களா நட்டீக. சாமி அவளத் தேடிப் போயிருச்சு. அவளே தூக்கிட்டு வந்து அவ கையால நட்டாத்தான் நிக்கும்."

அப்படித்தான் அண்ணன்கள் இருவரும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பூவும் பழமும் வைத்துக்கொண்டு எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார்கள். தாம்பாளத்தில் பட்டுச்சேலையும் இருந்தது. கத்தரிச் செடிகளுக்கு நடுவே, தாங்கள் நட்ட செடிகளுக்கு நடுவேதான், கால் வைக்க இடம் தேடி இருவரும் நடந்து வந்ததை நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். காமுத்தாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"ஆத்தா காமுத்தாயி," என்றார் மொக்கராசு, "கருப்பு ஒன் வீட்டுக்கு வந்துருச்சு. நீதான் வந்து நட்டுக் குடுக்கணும். ஊரு பேசுது."

"எங்கண்ணே நடணும்?"

"அதான், அங்க. வாய்க்கா ஓரம்."

"வாய்க்கா ஓரம் யாரு பங்குல?"

மொக்கராசு சுருளிராசைப் பார்த்தார். சுருளிராசு தாம்பாளத்தைப் பார்த்தார். கேஸ் நடந்த அத்தனை வருஷத்தில், எத்தனையோ தடவை கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தும் சொல்லாத ஒன்றை, ஊருக்குப் பயந்து அந்த மனுசர் கடைசியில் சொன்னார்.

"ஒன் பங்குல, ஆத்தா."

"வாரேன்" என்றாள் காமுத்தாய். வெற்றிலை பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டாள். சேலையைத் திரும்பவும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கல்லைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் புறப்பட, ராவுத்தரய்யா பிடித்துக் கொடுத்த டெம்போவில் லைன் வீடே ஏறியது. அமீனா குருபாதத்துக்கு அவள் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள். செங்கட்டாம்பட்டியில் ஊரே பந்தலில் உட்கார்ந்திருந்தது, உறுமி முழங்கிக்கொண்டிருந்தது, ரோட்டோரம் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். காமுத்தாய் வாய்க்காலைத் தாண்டி, வரப்பில் ஏறி, நின்றாள். கீழே கீழ்ப்பங்கு வெறும் மண்ணாகக் கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அவள் இடுப்பில் சாமி இருந்தது.

அண்ணன்கள் நடுவிலே போட்டு வைத்திருந்த பீடத்துக்கு அவள் போகவில்லை. நேராக மேற்கே நடந்தாள், அண்ணன்களின் பங்கும் அவள் பங்கும் சேரும் இடத்தில், புல் மூடிக் கிடந்த அந்தப் பழைய குழியைக் காலாலேயே தேடிக் கண்டுபிடித்தாள், கல்லை இறக்கினாள். கல் குழிக்குள் தன் இடம் தெரிந்து உட்கார்ந்தது. அவள் சொம்புத் தண்ணியை அதன் தலையில் ஊற்றினாள். மஞ்சள் வழிந்தது. கூட்டல் குறி ஊர் பார்க்க வெளியே வந்தது.

சுருளிராசு, "அண்ணே, கல்லு..." என்று எழுந்தார். மொக்கராசு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். என்னவென்று சொல்வது? சாமி இல்லை, தாங்கள் பிடுங்கிய கோர்ட் கல் என்றா? அதைச் சொன்னால் அந்த இடத்திலேயே ஊர் அவர்களைத் தின்றுவிடும்.

பந்தலுக்குப் பின்னாலிருந்து அமீனா குருபாதம் வந்தார். சாமி இருக்கிற இடமென்று அவரும் செருப்பைக் கழற்றியிருந்தார். கல்லின் தலையைக் குனிந்து பார்த்தார், வாரண்டை எடுத்துப் பிரித்தார், உறுமிக்காரர் பக்கம் திரும்பினார்.

"வீராச்சாமி, சாமிக்கு அடிச்ச கையோட கோர்ட்டுக்கும் ஒரு தடவ அடிப்பா."

வீராச்சாமி அண்ணன்களைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், மஞ்சள் தண்ணியில் நிற்கும் காமுத்தாயைப் பார்த்தார். முன்பணம் வாங்கியிருந்தார், மேளமும் தோளில்தான் தொங்கியது. அடித்தார். அமீனா அந்தக் குரலில், அவருடையதல்லாத அந்தக் குரலில், கிழக்கே வாய்க்கால், மேற்கே இந்தக் கல் என்று எல்லை சொல்லி, இதற்குள் பட்ட நிலம் இன்று முதல் காமுத்தாயின் கைவசம், தடுப்பவர்கள் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று வாசிக்க, பெண்கள் குலவை போட்டார்கள். அது சாமிக்கா, தீர்ப்புக்கா என்று அவர்களுக்கே தெரியாது. காமுத்தாயின் பானை பொங்கியது. ஓலையை அடுப்பில் தள்ளிக்கொடுத்தது அன்றைக்கு மாட்டுக்கு முன்னால் படுத்து மறித்த அந்தப் பெரிய அண்ணிதான்.

மறுநாள் காலையில் நாங்கள் ஓடிப்போய்க் குழாயடியைப் பார்த்தோம். ராவுத்தரய்யாவின் தகரத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. கல் நட்ட இடத்திலேயே நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. கருப்பு என்பதால் அண்ணன்கள் அதைத் தொடுவதில்லை, வருஷா வருஷம் அதற்குப் படையல் வைக்கத் தங்கச்சியைத் தாம்பாளத்தோடு வந்து கூப்பிட வேண்டியிருக்கிறது.

எங்கள் முற்றத்துச் செடிகள் காய்ந்து, கீறின சிமெண்டு மட்டும் மிஞ்சியது. குழாயும் நகராட்சி விட்டால்தான் வந்தது. காமுத்தாய் தினமும் முதல் பஸ்ஸில் போய், உழுது, விதைத்து, வெயிலில் கருத்து, ஆடு கடித்தது, பூச்சி விழுந்தது என்று புலம்பிக்கொண்டு சாயங்காலம் வந்தாள். மற்ற நிலங்களைப் போலவே அதுவும் கொடுத்தால் கொடுத்தது, கொடுக்காவிட்டால் இல்லை. முதல் பறிப்பில் ஒரு சாக்குக் கத்தரிக்காயோடு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நாங்கள் வழக்கம்போலக் கூடைகளோடு சுற்றி நின்றோம். பாதி சொத்தை. அவள் தராசை எடுத்து வைத்தாள்.

"என்ன காமுத்தாயி, முந்தி சும்மாத்தான குடுத்த?" என்றேன்.

"முந்தி வந்தது நெலம் அனுப்புனது, யக்கா. இது நான் வெதச்சது." படிக்கல்லைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "எத்தன கிலோ?"

நான் காசை எடுத்தேன்.